யாரிடம் கேட்பது?

ஒரு பெரிய கம்பெனி. வாசலில் ஒரே ஒரு பெயர்ப் பலகை. உள்ளே ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் ஆயிரம் பேரும் அந்தக் கம்பெனியின் ஆட்கள் அல்ல. சிலர் மட்டும்தான் நிரந்தரத் தொழிலாளர்கள். மற்றவர்களை ஏஜென்சிகள் அனுப்பி வைக்கின்றன.

கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கம்பெனி ஆளுக்கு ஒரு நிறக் கயிறு. ஏஜென்சி ஆளுக்கு வேறு நிறக் கயிறு.

ஏஜென்சி மூலம் வருபவர்களை ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்கிறோம். காண்ட்ராக்ட் ஆட்கள் என்பது பேச்சு வழக்கு. வங்கி வாசலில் நிற்கும் காவலாளி, மருத்துவமனையில் தரை துடைக்கும் அம்மா, கிடங்கில் பெட்டி அடுக்கும் பையன், இப்படிப் பலர். இந்தியாவில் எந்த ஊருக்குப் போனாலும் இவர்களைப் பார்க்கலாம்.

இந்த வேலையில் மூன்று தரப்பு உண்டு. முதலாவது, வேலை நடக்கும் கம்பெனி. சட்டம் இதை முதன்மை வேலையளிப்பவர் என்கிறது. இரண்டாவது, ஆள் அனுப்பும் ஏஜென்சி. இது ஒப்பந்ததாரர். மூன்றாவது, தொழிலாளி.

வேலை வாங்குவது கம்பெனி மேனேஜர். சம்பளம் போடுவது ஏஜென்சி. இவர்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொண்டால் தொல்லை இல்லை. பேசிக்கொள்ளாவிட்டால் தொழிலாளியின் அடுப்பு எரியாது.

செல்வியின் இரண்டு நாள்

கர்நாடகாவில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் சுரங்கத்தில் வேலை செய்தார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். விடியும் முன்பே கிளம்ப வேண்டும். வீடு திரும்ப இருட்டிவிடும்.

அப்படிப் போகும் ஒரு பெண்ணுக்குச் செல்வி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒயிட்பீல்டு பக்கம் ஒரு கிடங்கில் அவருக்குப் பொருள் கட்டும் வேலை. அனுப்பியது ஒரு ஏஜென்சி. ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று பேச்சு.

7ஆம் தேதி செல்வியின் போனில் செய்தி வந்தது. வங்கியில் 10,470 ரூபாய் விழுந்திருந்தது. செல்வி 26 நாள் வேலை செய்திருந்தார். 26 நாளுக்கு 13,000 ரூபாய் வர வேண்டும். 2,530 ரூபாய் குறைகிறது. ஒரு மாத வாடகையே போனது போல இருந்தது.

செல்வி கிடங்கு மேனேஜரிடம் போனார்.

"சார், சம்பளம் கம்மியா வந்திருக்குது சார்."

"நீங்க ஏஜென்சி ஆள்தானேம்மா? நாங்க பணத்தை அவங்களுக்குக் கட்டிட்டோம். அவங்களைக் கேளுங்க."

ஏஜென்சியின் சூப்பர்வைசர் ஓர் இளைஞர். அவர் தலையில் ஐந்து இடம், முந்நூறு ஆட்கள். போனை எடுப்பதற்கே மூன்று நாள் ஆனது.

"அக்கா, கம்பெனி அனுப்புற அட்டெண்டன்ஸ் பிரகாரம்தான் நாங்க சம்பளம் போடுவோம். உங்களுக்கு 24 நாள்னு வந்திருக்குது."

"நான் 26 நாள் வந்தேனே, தம்பி!"

"அதைக் கம்பெனியில சொல்லுங்க அக்கா. நான் என்ன பண்றது?"

செல்வி மறுபடி மேனேஜரிடம் போனார். மேனேஜர் மறுபடி ஏஜென்சியைக் கை காட்டினார். பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. 

இதில் ஒரு வேடிக்கை. இருவருமே பொய் சொல்லவில்லை. கம்பெனி பணம் கட்டியது உண்மை. ஏஜென்சிக்கு 24 நாள் என்று கணக்கு வந்ததும் உண்மை. பிறகு அந்த இரண்டு நாள் எங்கே போனது?

அந்த மாதம் இரண்டு நாள் கைரேகை மிஷின் வேலை செய்யவில்லை. அந்த இரண்டு நாளும் வாசல் காவலாளி ஒரு நோட்டில் பெயர் எழுதிக்கொண்டார். அந்த நோட்டு வாசலிலேயே இருந்துவிட்டது. ஆபீசுக்குப் போகவில்லை. மிஷின் கெட்டது மேனேஜருக்குத் தெரியும். ஏஜென்சிக்குத் தெரியாது. மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏஜென்சியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செல்வி மாலை நேரக் கல்வி மையத்தில் எழுத்துக் கற்றவர். தினமும் பயிற்சிக்காகத் தேதி எழுதுவார். வேலைக்குப் போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் பக்கத்தில் எழுதுவார். அந்த இரண்டு நாளுக்கு எதிரே இப்படி எழுதியிருந்தார்: "மிஷின் ரிப்பேர். வாசல் நோட்டில் பேர் எழுதினேன்."

அந்தப் பக்கத்தை மேனேஜரிடம் காட்டினார். மேனேஜர் வாசல் நோட்டை வரவழைத்துப் பார்த்தார். செல்வியின் பெயர் இருந்தது. அவர் மட்டுமல்ல, இன்னும் பல பேரின் பெயர்களும் இருந்தன. அவர்களுக்கும் அதே இரண்டு நாள் சம்பளம் வரவில்லை. ஏதோ பிடித்தம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டார்கள்.

சம்பளச் சீட்டைப் படிப்போம்

இரண்டு நாள் சம்பளம் 1,000 ரூபாய். ஆனால் குறைந்தது 2,530 ரூபாய் ஆயிற்றே! மீதி 1,530 ரூபாயை யாராவது எடுத்துக்கொண்டார்களா?

செல்வி சம்பளச் சீட்டு கேட்டு வாங்கினார். அதில் இப்படி இருந்தது:

வேலை செய்த நாள்: 24
ஒரு நாள் கூலி: 500
மொத்தம்: 12,000
பி.எப். பிடித்தம்: 1,440
இ.எஸ்.ஐ. பிடித்தம்: 90
கையில் கிடைப்பது: 10,470

பி.எப். என்றால் சேமநல நிதி. தொழிலாளியின் கூலியில் 100 ரூபாய்க்கு 12 ரூபாய் வீதம் பிடிப்பார்கள். வேலையளிப்பவரும் தன் பங்காக 12 ரூபாய் கட்ட வேண்டும். இந்தப் பணம் தொழிலாளியின் பெயரில்தான் சேர்கிறது.

இ.எஸ்.ஐ. என்பது மருத்துவ வசதிக்கானது. தொழிலாளியிடம் 100 ரூபாய்க்கு 75 காசு பிடிப்பார்கள். வேலையளிப்பவர் 3 ரூபாய் 25 காசு கட்ட வேண்டும். நோய் வந்தால் தொழிலாளியும் குடும்பமும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் மருத்துவம் பெறலாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இது உண்டு.

ஆகவே 1,530 ரூபாய் திருட்டு அல்ல. 1,000 ரூபாய்தான் உண்மையான பாக்கி. வேலைக்குச் சேரும் நாளிலேயே "மொத்தம் இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு, கையில் இவ்வளவு" என்று ஏஜென்சி ஆள் சொல்லியிருக்க வேண்டும். 500 என்று மட்டும் சொல்லி ஆள் பிடிப்பதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது.

ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். சில இடங்களில் வேலையளிப்பவர் கட்ட வேண்டிய 12 ரூபாயையும் தொழிலாளியின் கூலியிலேயே பிடித்துவிடுகிறார்கள். அது சட்டப்படி தப்பு. சீட்டு கையில் இருந்தால்தான் அது தெரியும்.

நரசாபுராவில் நடந்தது

செல்வியின் கதை கற்பனை. இனி வருவது உண்மையில் நடந்தது.

அதே கோலார் மாவட்டத்தில் நரசாபுரா என்ற ஊர் உள்ளது. அங்கே தைவான் நாட்டின் விஸ்ட்ரான் கம்பெனி ஆப்பிள் போன் செய்யும் ஆலையை நடத்தியது. கொஞ்ச காலத்திலேயே ஏராளமான ஆட்களைச் சேர்த்தார்கள். ஆறு ஏஜென்சிகள் ஆள் அனுப்பின. ஒப்பந்தத் தொழிலாளர்கள் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேல்.

2020 அக்டோபரில் 8 மணி நேர ஷிப்டு 12 மணி நேரமாக மாறியது. கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு கூலி? எப்படிக் கணக்கு? தொழிலாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. வருகையைப் பதியும் மிஷினிலும் கோளாறு. அதையும் உடனே சரி செய்யவில்லை. வேலை செய்த நேரம் ஒன்று, வந்த சம்பளம் ஒன்று என்று ஆனது. 21,000 ரூபாய் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு 16,000 கொடுத்தார்கள், பிறகு அதுவும் குறைந்தது என்று தொழிலாளர்கள் சொன்னதாக அப்போது செய்திகள் வந்தன.

கம்பெனியைக் கேட்டால் ஏஜென்சி. ஏஜென்சியைக் கேட்டால் கம்பெனி. இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

2020 டிசம்பர் 12ஆம் தேதி சனிக்கிழமை. காலையில், இரவு ஷிப்டு முடியும் நேரத்தில் கோபம் வெடித்தது. கண்ணாடிகள் உடைந்தன. வண்டிகள் கவிழ்ந்தன. ஆலைக்குப் பெரும் சேதம். போலீஸ் நூறு பேருக்கும் மேல் கைது செய்தது. சம்பளம் கேட்டு நின்றவர்கள் வழக்குக்காக நிற்க வேண்டி வந்தது.

கர்நாடகத் தொழிற்சாலைத் துறை விசாரித்தது. அவ்வளவு ஆட்களைக் கவனிக்க ஆலையில் தகுந்த நிர்வாகம் இல்லை என்று கண்டது. ஒரு வாரத்தில் ஆப்பிளும் தன் ஆய்வில் தெரிந்ததைச் சொன்னது. வேலை நேரக் கணக்கை ஆலை சரியாக வைக்கவில்லை, அதனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிலருக்குச் சம்பளம் தாமதமானது என்றது. விஸ்ட்ரான் தொழிலாளர்களிடம் மன்னிப்புக் கேட்டது. இந்தியத் தொழிலைக் கவனித்த உயர் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கியது.

இன்னொன்றும் செய்தது. தொழிலாளர்கள் குறை சொல்ல 24 மணி நேரத் தொலைபேசி வைத்தது. கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி, ஆங்கிலம் என ஐந்து மொழிகளில் பேசலாம். இந்தத் தொலைபேசியை அக்டோபரிலேயே வைத்திருந்தால் எத்தனை கண்ணாடி மிஞ்சியிருக்கும்!

மேனேஜர் ஏன் பேசுவதில்லை?

பல கம்பெனிகளில் மேனேஜர்களுக்கு ஒரு பயம் உண்டு. காண்ட்ராக்ட் ஆட்களிடம் லீவு பற்றியோ சம்பளம் பற்றியோ நேரடியாகப் பேசக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். காரணம் இதுதான். கம்பெனியே ஒருவரை நேரடியாக மேற்பார்வை செய்து, கட்டுப்படுத்தி வேலை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஏஜென்சி வெறும் பெயருக்குத்தான் என்று நீதிமன்றம் முடிவு செய்யலாம். பிறகு அவரைக் கம்பெனியின் ஆளாகவே ஏற்க வேண்டி வரும். அதனால்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இது ஒரு காரணம். சம்பளக் காகிதம் போகும் வழியும் நீளம். வாசல் மிஷினில் தொடங்கும். சூப்பர்வைசரிடம் போகும். மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். ஏஜென்சி பில் போட வேண்டும். கம்பெனியின் கணக்குப் பிரிவு அதைப் பார்க்க வேண்டும். நடுவில் யாராவது லீவு போட்டாலும் காகிதம் மேசையில் தூங்கும். "கம்பெனி இன்னும் பில் பாஸ் பண்ணவில்லை" என்று ஏஜென்சி சொல்லும். தொழிலாளியின் வீட்டுக்காரருக்கு அந்தப் பில் கதை புரியுமா?

மொழியும் ஒரு தடை. மேனேஜர் இந்தி பேசுவார். சூப்பர்வைசர் கன்னடம். தொழிலாளி ஒடிசாவிலிருந்து வந்திருப்பார். ஷிப்டு மாற்றத்தை வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அனுப்புவார்கள். படித்தவர் படிப்பார். மற்றவர் மறுநாள் வாசலுக்கு வந்து திரும்பிப் போவார்.

சட்டம் யாரைக் கேட்கச் சொல்கிறது?

1970இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. சம்பளம் பற்றி 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டம் சொல்கிறது.

"யாரிடம் கேட்பது?" என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. சம்பளம் கொடுக்க வேண்டியது ஒப்பந்ததாரர், அதாவது ஏஜென்சி. ஏஜென்சி கொடுக்கத் தவறினால், குறைத்துக் கொடுத்தால், கம்பெனி கொடுக்க வேண்டும். பிறகு கம்பெனி அந்தப் பணத்தை ஏஜென்சியிடம் வசூல் செய்துகொள்ளலாம். "நாங்கள் ஏஜென்சிக்குக் கட்டிவிட்டோம்" என்று சொல்லிக் கம்பெனி கை கழுவ முடியாது.

ஏஜென்சி சம்பளத்தை வங்கியில் போட வேண்டும். எவ்வளவு போட்டோம் என்று கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். எனவே செல்வியின் மேனேஜர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழியே இல்லை.

இந்தப் பிரிவு 50 அல்லது அதற்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள இடங்களுக்குப் பொருந்தும். பழைய சட்டத்தில் இது 20 பேர். ஆட்கள் குறைவாக இருந்தாலும் கூலி கேட்கும் உரிமை போகாது. ஊதியச் சட்டம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் உண்டு.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும். பில் பாஸ் ஆகவில்லை என்பது காரணம் ஆகாது. வேலையிலிருந்து நின்றால் அல்லது நிறுத்தினால் இரண்டு வேலை நாளில் கணக்கு முடிக்க வேண்டும். கூடுதல் நேரம் வேலை செய்தால், அதாவது ஓ.டி. பார்த்தால், இரண்டு மடங்குக் கூலி. சம்பளச் சீட்டுக் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது நியமனக் கடிதமும் கொடுக்க வேண்டும். பாக்கிச் சம்பளத்துக்கு மூன்று ஆண்டுக்குள் மனுப் போடலாம். மாநிலத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் வழி சொல்வார்கள். ரயில்வே, வங்கி, சுரங்கம், துறைமுகம் போன்ற இடங்களில் வேலை என்றால் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

பி.எப். எண்

பி.எப். உள்ள தொழிலாளிக்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் உண்டு. ஏஜென்சி மாறினாலும் இந்த எண் மாறக்கூடாது. புது ஏஜென்சியில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புது எண் போட்டுவிடுவார்கள். பணம் இரண்டு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கும்.

பதிவு செய்த போனிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் பி.எப். இருப்பு செய்தியாக வரும். சீட்டில் பிடித்ததாக இருந்து, கணக்கில் சேராமல் இருந்தால் பி.எப். அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

எழுதிக் கேட்கும் கடிதம்

வாயால் கேட்டால் காற்றோடு போகும். செல்வி எழுதியது போல ஒரு கடிதம் போதும். ஒன்று ஏஜென்சிக்கு, ஒன்று கம்பெனிக்கு. இருவருக்கும் ஒரே நாளில் கொடுத்தால் பந்து விளையாட முடியாது.

அனுப்புநர்: (பெயர், அட்டை எண், வேலை செய்யும் இடம்)
பெறுநர்: (ஏஜென்சி மேலாளர்), (கம்பெனி மேலாளர்)
ஐயா,
நான் சென்ற மாதம் 26 நாள் வேலை செய்தேன். சீட்டில் 24 நாள் என்று உள்ளது. 11, 12 தேதிகளில் கைரேகை மிஷின் வேலை செய்யவில்லை. வாசல் நோட்டில் என் பெயர் உள்ளது. விட்டுப்போன இரண்டு நாள் கூலி 1,000 ரூபாயைக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
தேதி:
கையெழுத்து:

வேறு மொழி பேசும் ஊரில், அந்த ஊர் மொழி எழுதத் தெரிந்தவரிடம் கேட்டு இதையே எழுதலாம். தேதியும் தொகையும் எந்த மொழியிலும் ஒன்றுதான். இன்னொரு பிரதி கையில் இருக்கட்டும். அதில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால் கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். பதிவுத் தபாலிலும் அனுப்பலாம்.

பயிற்சி

1. ஒரு காவலாளிக்கு நாள் கூலி 450 ரூபாய். 28 நாள் வேலை செய்தார். சீட்டில் 25 நாள் என்று உள்ளது. எத்தனை ரூபாய் பாக்கி?

2. ஒரு நாள் 8 மணி நேரத்துக்குக் கூலி 480 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? 6 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் எவ்வளவு கிடைக்க வேண்டும்?

3. உங்கள் வீட்டில் யாராவது ஏஜென்சி மூலம் வேலை செய்கிறார்களா? அவர்களுடைய சம்பளச் சீட்டை வாங்கிப் படியுங்கள். கீழே உள்ள இடத்தை நிரப்புங்கள்.
ஏஜென்சியின் பெயர் ...........
கம்பெனியின் பெயர் ...........
வேலை செய்த நாள் ...........
பிடித்தம் ...........
கையில் கிடைத்தது ...........